லெப்டினன்ட் கேணல் கிறகரிக்கு ஒரு வாழ்த்துமடல்

1.
இந்தக் கதை பிறந்தது என் வெட்கத்தில்தான், ஒளிப்பானேன். அமெரிக்க விமானப்படையில் இருபத்துநான்கு வருடம் பறந்து ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கேணல் கிறகரிக்கு மொன்றியல் லாசாலில் பங்குக் கோயில் மண்டபத்தில் பாராட்டுவிழா வைத்தார்கள். எங்கள் ஆட்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் இல்லாவிட்டால் விழா நிறையாது. அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ‘வானம் ஆண்ட வீரமைந்தா’ என்று தொடங்கினேன். கை கூசவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

2.
கிறகரி தன் குண்டுவீச்சு விமானத்தில் எந்த நாட்டின் மேல்...

(இந்த வசனத்தை மடலிலும் முடிக்கவில்லை. விழாக்குழுவில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பதக்கம் எத்தனை என்று மட்டும் கேட்டார்கள்.)

3.
பொன்னாடை போர்த்த மாக்கிரட்டைப் பிடித்தார்கள். கிறகரியின் பெரியம்மா அவள். மொன்றியலில் அவருக்கு இருக்கும் ஒரே சொந்தம். யுத்த நேரம் மன்னாரில் ஒரு மாதா கோயிலுக்குள் சனத்தோடு சனமாக ஒதுங்கியிருந்தபோது இலங்கை விமானப்படை போட்ட குண்டில் அவளுடைய ஒன்பது வயது மகன் றெக்ஸ் செத்துப்போனான். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார்கள். முறை தவறக் கூடாதாம்.

முப்பது வருடத்துக்கு மேலாக மாக்கிரட் ஒரே நினைப்பில் உயிரைப் பிடித்திருக்கிறாள்: கீழே இருந்தது கோயில் என்று அந்த விமானிக்குத் தெரிந்திருக்காது. அத்தனை உயரத்திலிருந்து எப்படித் தெரியும்? பாவம், அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவனை மன்னித்தாள்.

4.
(முதல் பிரதியில் அவளை மேடையில் அழவைத்தேன். கிழித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை.)

பொன்னாடையை விரித்தவள், போர்த்தாமல் நின்று, ஒலிவாங்கிக்கு எட்டாத குரலில் கேட்டாள்.

“தம்பி, மேலை இருந்து பாக்கேக்கை, கீழை இருக்கிறது கோயிலெண்டு தெரியுமோ?”

கிறகரிக்கு றெக்ஸின் கதை தெரியும். பதிலும் தெரியும். கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய இருபத்துநான்கு வருட உத்தியோகம்.

5.
இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். “தெரியாது பெரியம்மா” என்றால், போர்த்திவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் செபமாலை சொல்வாள். “தெரியும்” என்றால், அவள் பாடுபட்டு மன்னித்ததெல்லாம் ஒரு சொல்லில் பாழ். முதலாவதை எழுதும்போது பேனை சறுக்கிக்கொண்டு ஓடியது. பயந்து நிறுத்திவிட்டேன்.

கிறகரி வாயைத் திறக்கிறார். பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.