சொக்கம்மாள் திரைக்கு வருகிறாள்

ஆறு மணிக்கு ட்ரெய்லர் வரும் என்று அறிவித்திருந்தார்கள். காலையிலிருந்தே யசோதராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலடிப்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் வங்கியில், தன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் பெயரை எழுதித் தொலைத்தாள்.

படமாகப் போவது 'மூன்றாவது சங்கு' நாவல். துறைமுகக் கூலிகளின் கதை. பள்ளிக்கூட நாளில் கையில் கிடைத்தது. அதற்கப்புறம் எத்தனை தடவை படித்தாளோ, அவளுக்கே தெரியாது. வியாசர்பாடியில் அவள் வீட்டில் பேசுகிற பேச்சு அப்படியே அச்சில் இருந்தது. நம்ம பேச்சும் பேச்சுதான் என்று அன்றைக்குத்தான் அவள் நெஞ்சு நிமிர்ந்தது. அதில் ஓர் இடம். கிரேன் சங்கிலி அறுந்து செத்துப்போன புருஷனைக் கொண்டுவந்து வாசலில் கிடத்துவார்கள். சொக்கம்மாள் அழமாட்டாள். "எய்ந்திருய்யா, சோறு ஆறிகினு கீது" என்பாள். அவ்வளவுதான். யசோதரா ஒவ்வொரு முறையும் அங்கே உடைந்து போவாள்.

சினிமாக்காரர்கள் கையில் அந்த வரி என்ன பாடுபடப் போகிறதோ! இந்தப் பாஷை பேசுகிறவன் திரையில் வந்தால் ஒன்று பிக்பாக்கெட், இல்லாவிட்டால் உதை வாங்கும் கோமாளி. பிறந்ததிலிருந்து இந்தக் கண்றாவியைத்தானே பார்த்து வருகிறோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "அந்த எடத்துல சிரிப்பு காட்டி வெச்சானுங்கன்னா தியேட்டர் பக்கமே வர மாட்டேன், சொல்ட்டேன்" என்றாள்.

மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் அவள் புருஷன் பகலவன் சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். "படமே இன்னும் வர்ல, அதுக்குள்ள சண்டையா? குந்து மே."

ஆறு மணி போயிற்று. தொழில்நுட்பக் கோளாறாம், ஏழு மணிக்கு என்றார்கள். உட்கார்ந்தாள், எழுந்தாள், தோசையைக் கருக்கினாள், போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒருவழியாக வந்தது. இரண்டு பேரும் போனின் மேல் குனிந்தார்கள். கப்பல், புகை, ஓடிவரும் பெண்கள். வாசலில் உடலைக் கிடத்தினார்கள். இசை நின்றது. பூச்சு இல்லாத முகத்தோடு அந்த நடிகை, ஓர் எழுத்துகூட மாற்றாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எய்ந்திருய்யா, சோறு ஆறிகினு கீது."

யசோதரா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

பகலவன் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது. "இன்னாத்துக்கு மே சிரிச்ச?"

வாயைப் பொத்திக்கொண்டாள். நடிகை மேல் ஒரு குற்றமும் இல்லை. இத்தனை வருஷமாகத் திரையில் இந்தப் பேச்சைக் கேட்டதும் சிரித்துச் சிரித்தே பழகிய வாய், அவளைக் கேட்காமலே சிரித்துவிட்டது. அவமானத்தில் முகம் எரிந்தது.

"இன்னொரு தபா போடு."

போட்டான். வரி வருவதற்கு முன்பே பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போதும் உதட்டோரம் துடித்தது.

"நல்லாத்தான எடுத்துகீறானுங்க" என்றான் பகலவன். "மொத நாளே டிக்கெட் போட்ரட்டா?"

அவள் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"அங்க எல்லாரும் கம்முனு கீறப்போ, நான் ஒருத்தி சிரிச்சிட்டா இன்னாய்யா பண்றது?" என்றாள்.