மாப்பிள்ளையை இறக்கிவிட்ட இடம்

எங்கள் ஊர்க் குப்பைத்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து, எதுவும் பிடிக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போகும் அந்தக் கரடி. அதனால் தெருக்காரர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். யாரையும் கடித்ததில்லை. பள்ளிக்கூடச் சுவரேறி உள்ளே குதித்த அன்றுதான் விவகாரம் முற்றியது.

சுட்டுவிடலாம் என்றார் எங்கள் வனத்துறைப் பெரிய அதிகாரி. கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார் டாக்டரம்மா. காட்டு மிருகங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். கூண்டில் பிடித்து, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம் விட்டால் திரும்பி வராது என்றார். வந்தால் தன் கையாலேயே ஊசி போட்டு முடித்துவிடுவதாக எழுதியும் கொடுத்தார். கூண்டு வண்டியின் டிரைவர் நான். கூட வரவேண்டியவர் லீவு என்பதால் தனியாகக் கிளம்பினேன்.

அன்றைக்கு என் மச்சான் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. "ஒரு மணிக்குள்ள வந்துடுங்க. எங்கண்ணன் முன்னாடி என் மானத்த வாங்காதீங்க" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பினாள். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு பாலம். அதற்கு மேல் இருப்பதை ரோடு என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மணி பத்தரை. பின்னால் கரடி முனகிக்கொண்டே வந்தது. சுற்றிலும் மரங்கள், ஆள் நடமாட்டமே இல்லை. இதுவும் காடுதானே என்று தோன்றியது. கேபினிலிருந்தே கயிற்றை இழுத்துக் கூண்டுக் கதவைத் தூக்கினேன். இறங்கி ஓடியது. பதிவேட்டில் தொண்ணூறு என்று எழுதினேன். சந்தேகம் வரக்கூடாதென்று, மச்சானைச் சாப்பிடவைத்து அனுப்பிய பிறகு, சாயங்காலம்தான் வண்டியை ஆபீசில் கொண்டுபோய் விட்டேன்.

பதினோராவது நாள் மாப்பிள்ளை பழைய தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. பிடித்தபோது அடையாளத்துக்காகக் காதில் மாட்டிய மஞ்சள் வில்லையைப் பார்த்ததும் அதே கரடிதான் என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை, அதை மயக்கிப் படுக்கவைத்து, எழுதிக்கொடுத்தபடி செய்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"செத்துப்போனது திரும்பி வரவா போகுது? நீங்க வாயத் திறந்தா நம்ம பொழப்புதான் போகும். பேசாம இருங்க."

அவள் கெட்டவள் இல்லை. பிள்ளைகள் இரண்டும் படிக்கிற கவலை அவளுக்கு. நான் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் கூண்டில் ஒரு தாய்க்கரடி மாட்டியது, கூடவே அதன் குட்டியும். ஆபீசில் கூட்டம் போட்டார்கள். வண்டி ஓட்டியவன் என்று என்னையும் கூப்பிட்டு ஓரமாக உட்காரவைத்தார்கள்.

"தொண்ணூறு கிலோமீட்டர் கொண்டுபோய் விட்டும் வந்துடுச்சு. இனிமே கூண்டு, வண்டி எல்லாம் வெட்டிவேலை. இது ரெண்டையும் இன்னிக்கே முடிச்சுடலாம்" என்றார் பெரிய அதிகாரி. "என்ன சொல்றீங்க டாக்டர்?"

டாக்டரம்மா பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "எந்த முகத்தோட பேசறது சார்? நான் நெனச்சது தப்பு. எங்க கையெழுத்து போடணும்?"

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"மேடம், நான் தொண்ணூறு போகல. பாலத்துலயே இறக்கிவிட்டுட்டேன். முப்பத்தஞ்சுதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்யா?"

"வீட்டுக்கு மச்சான் சாப்பிட வர்றதா இருந்தாரு சார்."

சொல்லும்போதே நாக்கு கூசியது. அவர் என்னென்னவோ கத்தினார். வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். வைத்தேன். தாயையும் குட்டியையும் வேறு டிரைவர் மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவது, டாக்டரம்மாவும் கூடப் போவது என்று முடிவாயிற்று. வேலை போனது உறைத்தாலும் மனசு லேசானது. உண்மையைச் சொல்வதானால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வராந்தாவில் காத்திருந்து டாக்டரம்மாவின் எதிரில் போய் நின்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நான் ஊசி போட்டப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"ஆமா மேடம்."

"என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"நீங்க ஊசி ஏத்தறதுக்குத் தோதா, அதோட கால நீட்டிப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."