வலது பெடல்

"இந்தத் தலகாணிக்குப் பறக்க வராது. மூணு நாள் நீ வச்சுப் பாரு. வெள்ளிக்கிழமை நானே செக் பண்ணி வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்று சொல்லி, சீஃப் ஒரு மாணவியின் ஃபைலை என் மேசையில் போட்டார். வைக்கவில்லை, போட்டார். என் டீ சிந்தியது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் போய்விட்டார்.

சீஃப் என்பவர் எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர். இருபத்தாறு வருட அனுபவம். அவரிடம் படித்தவர்களில் ஒருவர்கூட ஒரு டயரைக்கூடச் சேதப்படுத்தியதில்லை என்று அவர் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டாத குறை. நான் அங்கே சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்று பெயர் வாங்க அதுவே போதுமானதாக இருந்தது. மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை மிளகாய் என்று கூப்பிடுவதும் எனக்குத் தெரியும்.

தலகாணி என்பதும் அவர்கள் வைத்த பெயர்தான். அந்தப் பெண் குள்ளம். முன்கண்ணாடி வழியாக ஓடுபாதை தெரிய வேண்டுமானால் அவளுக்குக் கீழே ஒன்று, முதுகுக்கு ஒன்று என இரண்டு தலையணை வேண்டும். அவள் அம்மா பழைய திரைச்சீலையை வெட்டி, இருக்கையின் அளவுக்குச் சரியாகத் தைத்துக் கொடுத்தவை. தினமும் அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விமானம் நிற்கும் இடத்துக்கு நடந்து வருவாள். பையன்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு ஏறி உட்காருவாள்.

ஃபைலைப் புரட்டினேன். முப்பத்திரண்டு மணி நேரம் சீஃப்போடு பறந்திருக்கிறாள், இன்னும் ஒருமுறைகூடத் தனியாக அனுப்பவில்லை. மற்றவர்கள் இருபதுக்குள் போய்விடுவார்கள். 'உயரம் போதாது. கால் எட்டவில்லை. தரையிறங்கும்போது தன்னம்பிக்கை இல்லை' என்று சீஃப் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை தோற்றால் இன்னொரு வரி சேரும்: 'பறக்கத் தகுதியற்றவர்.' அந்த வரியோடு போகிறவளை வேறெந்தப் பள்ளியும் வாசலில்கூட நிற்க விடாது. மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவள் அவள். ஆறு வயதிலிருந்து இது ஒன்றுதான் ஆசை என்று சேர்க்கை விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். இவள் எழுதியதை ஏனோ நம்பத் தோன்றியது.

புதன்கிழமை காலை அவளோடு ஏறினேன். முதலில் காலைப் பார்த்தேன். தலையணை முதுகைத் தள்ளியதில் இரண்டு பாதங்களும் பெடல்மேல் அழகாக உட்கார்ந்திருந்தன. 'கால் எட்டவில்லை'யாம்! எழுதிய ஆள் ஒருநாளாவது குனிந்து பார்த்திருந்தால்தானே?

கிளம்பினாள். நன்றாகவே கிளம்பினாள். மேலே போனதும் நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது உடம்பு இறுகவில்லை. உயரம் ஒரு கோடு போட்டது மாதிரி நின்றது. கீழே சாலையில் லாரிகள் எறும்பாக ஊர்ந்தன. ஒரு மேகத்தின் ஓரம் இறக்கையை உரசிக்கொண்டு போனபோது, அவள் தன்னையறியாமல் வாயைத் திறந்து பார்த்தாள். பத்தொன்பது வருடமாகப் பறக்கிறேன், எனக்கும் அந்த இடத்தில் இன்னும் வாய் திறக்கத்தான் செய்கிறது. ஒருமுறை அதைப் பார்த்துவிட்டவர்களைத் தரையில் கட்டிப்போட முடியாது. இவளையா வராது என்கிறார்கள் என்று எனக்கு அப்போதே வயிறு எரிந்தது.

பிறகு இறங்கினோம். எங்கள் ஓடுபாதையில் காற்று எப்போதும் இடப்பக்கத்திலிருந்து வரும். விமானம் மூக்கை இடப்பக்கம் திருப்பிக்கொண்டே சாய்வாக வரும். சக்கரம் தரையைத் தொடும் முன் வலது பெடலை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். தலகாணி எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள், அந்த ஒன்றைத் தவிர. மூக்கு கோணலாகவே இருக்க, அவள் எதற்கோ காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். கடைசி நொடியில் நான் மிதித்தேன். டயர் கிறீச்சிட்டது. மறுபடி போனோம், மறுபடி அதே கதை. மூன்றாவது முறை நான் கத்திய கத்தல் கட்டுப்பாட்டுக் கோபுரம் வரை கேட்டிருக்கும்.

இறங்கி நின்றதும் கேட்டேன். "ஏம்மா, கால் எதுக்கு இருக்கு? ஏன் மிதிக்கல?"

"மிதிச்சேன் மேடம். இன்னைக்குப் பெடல் போகவே மாட்டேங்குது."

"போகலைன்னா?"

"எப்பவும் நான் லேசாத் தொட்டாப் போதும். மீதி அதுவாப் போயிடும்." அவள் கண்ணில் நீர் முட்டியது. "இன்னைக்கு அதுவாப் போகல."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அடுத்த நொடியே சிரிப்பு வற்றி, காது சூடானது. பயிற்சி விமானத்தில் இரண்டு பக்கமும் பெடல் உண்டு. இரண்டும் பிணைந்தவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலடியிலும் நகரும். முப்பத்திரண்டு மணி நேரமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மிதித்தது யார்? விமானம் இவ்வளவு லேசானது போல என்று நினைத்துக்கொண்டு பாவம் இந்தப் பெண் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நீந்தக் கற்றுக்கொடுக்கிறேன் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, உனக்கு நீந்த வராது என்று கரையில் தூக்கிப் போடுவதா?

நேராக சீஃப் அறைக்குப் போனேன். கதவைத் தட்டியதாக ஞாபகம் இல்லை.

"சார், அவ இறங்கும்போது நீங்கதான் மிதிச்சிருக்கீங்க."

"யாரு, நானா?" சிரித்தார். "என் கால் தரையிலதான்மா இருக்கும். இருபத்தாறு வருஷமா."

"அப்ப பெடல் எப்படித் தானாப் போகும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவ சொன்னா நீயும் நம்பிட்டு வந்துட்டியா?" என்றவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். நான் இன்னும் அறையில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது போல.

அங்கிருந்து விமானக் கொட்டகைக்கு வந்து, மெக்கானிக் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். அதிகம் பேசாத மனிதர். கையிலிருந்த சக்கர டியூபுக்குப் பவுடர் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாதுண்ணே. ஆனா பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்றேன்.

அவர் தன் வெள்ளை விரல்களைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். "சார் உட்கார்ற பக்கத்து வலது பெடல்ல கொஞ்சம் இதைத் தூவி வைக்கட்டுமா மேடம்? தொட்டவங்க கால் சொல்லிடும்" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

வியாழக்கிழமை முழுக்க தலகாணியோடு பறந்தேன். "இனிமே அது தானாப் போகாது. நீதான் அனுப்பணும். நான் காலை சீட்டுக்கு அடியில இழுத்து வச்சுக்கறேன். மோதினா ரெண்டு பேருமாத்தான்" என்று சொல்லிவிட்டு அப்படியே செய்தேன். முதல் இரண்டு தடவை நான் இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். ஐந்தாவது தடவை மூக்கு மெல்லத் திரும்பி நேரானது. சக்கரங்கள் சத்தமில்லாமல் தரையைத் தொட்டன. அவள் ஓடுபாதையிலேயே கத்தினாள். "மேடம், என் கால்! அது என் கால்தான்!"

அன்று பதினாறு முறை இறங்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை கால் பழகட்டும் என்று நானும் அவளும் ஒரே ஒரு சுற்று போய் வந்தோம். சொன்னபடி அண்ணன் விடியும்போதே பவுடர் தூவியிருந்தார். நாங்கள் திரும்பி வந்ததும் உள்ளே தலையை விட்டு, என் பக்கத்தை எதற்கோ துணியால் துடைத்து, மறுபடி புதிதாகத் தூவினார். நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. என் கவனமெல்லாம் சீஃப்பின் பளபளக்கும் கறுப்பு ஷூவின் மேல் இருந்தது.

சீஃப்பும் அவளும் போனார்கள். சுற்றி வந்தார்கள். நான் ஓடுபாதை ஓரப் புல்லில் அண்ணனோடு நின்றேன். விமானம் தாழ வந்தது. மூக்கு நேராக ஆரம்பித்தது, நேராயிற்று, அதோடு நிற்காமல் வலப்பக்கம் வெட்டிக்கொண்டு போனது. ஓடுபாதையின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவளும் மிதிக்க, அவரும் மிதிக்க, வேறு எப்படிப் போகும்?

சீஃப் கதவைத் திறந்தபடியே ஆரம்பித்தார். "பார்த்தியா? இப்ப அளவுக்கு மீறி மிதிக்கிறா. நான் அப்பவே சொன்னேன்."

தலகாணி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க பெடலைத் தொட்டீங்களா சார்?"

"தொடவே இல்ல."

"அப்ப காலைத் தூக்கிக் காட்டுங்க."

"என்னது?"

"காலைத் தூக்குங்க சார்!"

நான் கத்தியதில் அவர் தூக்கிவிட்டார். வலது ஷூவின் அடி மாவில் மிதித்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. எல்லோரும் கையும் களவுமாகப் பிடிப்பார்கள், நான் காலும் களவுமாகப் பிடித்தேன். மூன்று நாள் கோபத்தையும் கொட்ட வாயைத் திறந்தேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டேன். அது மாட்டிக்கொண்டவரின் முகம் இல்லை. தன் ஷூவை யாரோ முன்பின் தெரியாதவருடையது போல, ஒற்றைக் காலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா நான் மிதிக்கலம்மா" என்றார் மெதுவாக. "அதுவாப் போயிருக்கு."

இருபத்தாறு வருடம்! எத்தனை பேரை இப்படி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்? எத்தனை ஃபைலில் 'கால் எட்டவில்லை' என்று எழுதியிருப்பார்? தெரியாமல் செய்தேன் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? இரக்கப்பட எனக்கு மனம் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

"அவளைத் தனியா அனுப்புங்க" என்றேன். "இப்பவே. பக்கத்துல யாரும் வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, வலப்பக்க இருக்கையின் பெல்ட்டை அவரே இறுக்கிப் பூட்டினார். அது அனுமதி. காலி இருக்கையின் பெல்ட் காற்றில் ஆடக் கூடாது என்பதற்காகச் செய்வது. தலகாணி இரண்டு கைகளாலும் தலையணையைச் சரிசெய்துகொண்டாள்.

போனாள். நாங்கள் மூவரும் புல்லில் நின்றோம். சுற்றி வந்தாள், தாழ வந்தாள், இடப்பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு, வெகுநேரம் அப்படியே. 'இப்ப, இப்ப' என்று என் வாய் முணுமுணுத்தது. மூக்கு நேரானது. சக்கரங்கள் தொட்டன. கோட்டின் மேல் கயிறு பிடித்தது போல ஓடி நின்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

அவள் தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "மேடம், இந்தத் தடவை முழுக்க நானே மிதிச்சேன் தெரியுமா! சார் கூடப் போனா பெடல் அதுவாப் போயிடும். காலையில உங்க கூடப் போனப்பகூடக் கொஞ்சம் அதுவாத்தான் போச்சு."

"என் கூடவா?" எனக்குச் சுருக்கென்றது. "என் கால் சீட்டுக்கு அடியில இருந்துச்சும்மா! நான் தொடவே இல்ல!"

மெக்கானிக் அண்ணன் குனிந்து என் வலது காலைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் புல்லில் நடந்தும் போகாமல், ஷூவின் பள்ளங்களில் வெள்ளை அப்பியிருந்தது. சீஃப்பும் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தன் கைக்குட்டையை எடுத்து, பாதியாக மடித்து, என்னிடம் நீட்டினார்.