நாச்சிக்குத் தெலுங்கில் பேசினவள்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. முகமே தெரியாத ஒருத்தியின் குரலுக்காக ஒரு பெண் தவித்த தவிப்பைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அவள் பேர் கன்னிகா. திருத்தணிப் பக்கத்துப் பெண். புருஷன் லோகேஸ்வரன் சித்தூர் எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பம், லோடு வண்டி ஓட்டுகிறவன். கல்யாணமாகித் திருப்பதியில் குடி வைத்தார்கள். அவனோ வாரத்தில் பாதி நாள் ரோட்டில். அவளுக்குத் தெலுங்கில் ஆமாம், இல்லை என்கிற அவுனு, லேது தவிர ஒன்றும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் ஒரு சுவரில் 'ஆத்துக்காவல்' போஸ்டரைப் பார்த்தாள். நம்ம பாஷைப் படத்து நடிகை ஆச்சே என்று முகத்தை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். விளக்கை அணைத்த பிறகுதான் தெரிந்தது, படம் தெலுங்கில் பேசுகிறது. எழுந்து போகப் பார்த்தவளை ஒரு குரல் பிடித்து உட்கார வைத்தது.

அந்தப் படத்தில் நாச்சி என்று ஒரு பரிசல்காரி. ஆற்று மணலைத் திருட வருகிறவர்களைத் தனியாளாக எதிர்க்கிறவள். தெலுங்கில் அவளுக்குக் குரல் கொடுத்தது யாரோ ஒரு பெண். சளி பிடித்து இப்போதுதான் விட்ட மாதிரி லேசாகக் கரகரக்கும். அதட்டினாலும் அடியில் ஒரு 'சாப்பிட்டியா' இருக்கும். கன்னிகாவுக்குப் பாதி வசனம் புரியவில்லை, ஆனாலும் மறுநாளும் போனாள். அந்தக் குரலிடம்தான் தெலுங்கு படித்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தக்காளி பேரம் பேசினால் கடைக்காரி, "ஏமே, நாச்சி மாதிரி மிரட்டுறே" என்று சிரிப்பாள்.

இரண்டாம் பாகமும் வந்தது. அதன் முடிவில் நாச்சியை வெள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். அத்தோடு சில வருஷம் பேச்சு மூச்சில்லை. இந்த மாங்காய்ப் பருவத்தில்தான் மூன்றாம் பாகம் வருகிறது என்றார்கள். டிரெய்லரும் வந்தது. கன்னிகாவுக்குத் தூக்கம் போச்சு.

செல்போன் பாகம் பொருத்துகிற கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி பத்மாவதி. திருப்பதிக்காரி, வாயாடி, நாலு வயது மூத்தவள். கம்பெனி பஸ்ஸில் போகும்போது கன்னிகா சொன்னாள்:

"அக்கா, டிரெய்லர்ல நாச்சி ஒரு வார்த்த கூடப் பேசல, பாத்தியா?"

"சஸ்பென்ஸு மே."

"சஸ்பென்ஸ் இல்ல. குரல் குடுக்குறவங்கள மாத்திட்டாங்க. அதத்தான் மறைக்கிறாங்க."

"ஊரே நாச்சி செத்தாளா பொழச்சாளான்னு கேட்டுக்கினு கீது. நீ அவ தொண்டையப் பத்திக் கவலப்படு."

"செத்துட்டான்னா அழுதுட்டு வந்துடுவேன் அக்கா. வேற குரல்ல பொழச்சு வந்தா இன்னா பண்றது?"

பத்மாவதி போனை எடுத்துத் தேடிப் பார்த்தாள். போனில் ஒருத்தன் எழுதுகிறான், குரல்காரிக்கும் படக் கம்பெனிக்கும் சண்டை என்று. இன்னொருத்தன், அவளுக்கு உடம்பு முடியவில்லை என்கிறான். அவள் பேரே யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் பாகம் முடிந்ததும் பேர் வரிசையைப் படிக்கக் கன்னிகா நின்றாள். பாதியில் திரையை அணைத்துவிட்டு, கூட்டுகிற ஆள் துடைப்பத்தோடு வந்துவிட்டான்.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. கன்னிகாவுக்கு ஞாயிறுதான் விடுமுறை. லோகேஸ்வரன் மாங்காய் ஏற்றிக்கொண்டு சித்தூர் போயிருந்தான். பருவத்தில் அங்கே மாங்கூழ்க் கம்பெனி வாசலில் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும், இறக்க நேரமாகும். வண்டியைச் சிநேகிதன் வேணுவிடம் ஒப்படைத்துவிட்டுத் தமிழில் காலை ஆட்டம் பார்த்துவிட்டான். பார்த்தவன் சும்மா இருக்கலாம் இல்லையா, போன் போட்டான்.

"கன்னிகா, நாச்சி வந்து..."

"நிறுத்து மாமா. படத்தப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது. காணிப்பாக்கம் புள்ளையார் மேல சத்தியம் பண்ணு."

அந்தப் பக்கத்தில் அந்தச் சத்தியம் லேசானதில்லை. காணிப்பாக்கத்து விநாயகர் முன்னால் பொய் சொன்னவன் தேறினதில்லை என்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்துகூட அந்தப் பேரைச் சொன்னால் முடிந்துவிடும். கன்னிகா பேசின வேகத்தில், லோகேஸ்வரன் ரோட்டில் நின்றபடியே சத்தியம் பண்ணிவிட்டான். பண்ணின பிறகுதான் தலையில் கை வைத்தான்.

ஞாயிறு காலை வீடு திரும்பினவன் நடையே சரியில்லை. வாயைத் திறப்பான், மூடுவான். அவனே காபி போட்டுக் கொண்டுவந்தான்.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல. ஸ்வெட்டர் எடுத்துக்கோ, ஏசி ஜாஸ்தியா இருக்கும்."

தன் துண்டு எங்கே என்று தெரியாத மனுஷன் ஸ்வெட்டரை மடித்துக் கையில் கொடுக்கிறான். செத்த வீட்டுக்குப் போகிறவளிடம் இப்படித்தானே நடந்துகொள்வார்கள்.

தியேட்டரில் பத்மாவதியும் அவளும் உட்கார்ந்தார்கள். நாச்சி பிழைத்திருந்தாள். மணல் திருடர்கள் ஆற்றையே வறண்டு போக வைத்திருந்தார்கள். இந்த ஆற்றில் தண்ணீர் வருகிற வரை வாய் திறப்பதில்லை என்று நாச்சி மௌனம் பூண்டிருந்தாள்.

முதலில் கன்னிகாவுக்குப் பெரிய நிம்மதி. அப்போ யாரும் குரலை மாத்தல. கொஞ்ச நேரத்தில் நிம்மதி போய்ப் பசி மாதிரி ஒன்று வந்தது. திரையில் திருடன் ஏசுகிறான், நாச்சி நிமிர்ந்து பார்க்கிறாள். கன்னிகா தன்னை அறியாமல் அடிக்குரலில் தெலுங்கில் பதில் சொன்னாள். இன்னொரு காட்சி, இன்னொரு பதில். பத்மாவதி முழங்கையால் இடித்தாள். முன் வரிசையில் ஒரு அம்மாள் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று கன்னிகா குறுகிப்போக, அந்த அம்மாள், "இப்புடு ஏமண்டுந்தி?" என்று கேட்டாள். இப்போ என்ன சொல்வாள் என்று. கன்னிகா சொன்னாள்.

கடைசியில் தண்ணீர் வந்தது. நாச்சி முதுகைக் காட்டியபடி ஆற்றுக்குள் நடந்தாள். தண்ணீர்ச் சத்தம். அதற்குள்ளிருந்து ஒரே ஒரு வார்த்தை: "ஒச்சிந்தி."

வந்துடுச்சு என்று. அதே கரகரப்பு. கன்னிகா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

வாசலில் லோகேஸ்வரன் குற்றவாளி மாதிரி நின்றான். "அவ பேசவே இல்லன்னு எம்மேல கோவமா?"

"பேசினாளே."

"யாரு?"

"நாச்சி. கடைசில."

"அடிப்பாவி, நான் தமிழ்ல முழுசா பாத்தேன். தண்ணி சத்தம்தான் கேட்டது. அவ வாயே தொறக்கல."

பத்மாவதி யோசித்தாள். "மூஞ்சி அந்தப் பக்கம் இருந்துச்சுல்ல. வாய் அசையுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? தெலுங்குல யாரோ சேத்துட்டாங்க."

யார் சேர்த்தார்கள்? தெலுங்கு வசனம் எழுதினவரா? இல்லை, பேச ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணே, இத்தனை நாள் இவளுக்குப் பேசினேன், ஒரு வார்த்தை போட்டுக்கிறேன் என்று கேட்டு வாங்கினாளா? கன்னிகா கண்ணை மூடிப் பார்த்தாள். எங்கோ ஓர் இருட்டறை, ஒரு மைக், அதற்கு முன்னால் ஒருத்தி. முகம்தான் வரவில்லை.

"அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கெடைக்குமா மாமா?"

"எனக்கும் அந்த வார்த்தையக் கேக்கணும்போல கீது" என்று அவன் வரிசையில் போய் நின்றான். இந்தத் தடவை பேர் வரிசை ஓடும்போது கூட்டுகிற ஆளிடம் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பது தன் பொறுப்பு என்று பத்மாவதி சொல்லிவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த என் கண்ணுகளே, எந்தக் குரலைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு மனசு குளிருமோ, அந்தக் குரல் உங்கள் வாசலுக்குள் குறைவில்லாமல் ஒலிக்கட்டும். உங்கள் பிள்ளை குட்டிகள் கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்க ஆளோடு வாழட்டும்.