மூன்றாம் நாள் தண்ணீர்

என் தம்பி வஸ்ஃபி செத்து அன்றைக்கு மூன்றாம் நாள். எனக்கு இன்னும் அழுகையே வரவில்லை. மரக்கட்டை மாதிரி இருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சர்க்கரை போடாத காப்பியை ஊற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அவனுக்குக் கோயிலில் செபம் நடக்கவில்லை. கடவுளும் இல்லை, ஒன்றும் இல்லை என்று மின்யா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன். "கடைசியிலாவது மனசு மாறினானாம்மா எஸ்தீர்?" என்று எங்கள் கிறிஸ்தவக் கோயில் குரு அபூனா பிஸாதா கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சவப்பெட்டியைக் கோயிலுக்குள்ளே விட்டிருப்பார். "இல்ல அபூனா," என்றேன். என்ன செய்ய? "பொய் சொல்லி என்னை உள்ள தள்ளிடாத அக்கா," என்று சாகுமுன் கையைப் பிடித்துக் கேட்டிருந்தானே பாவி. செபமில்லாமலே புதைத்தோம்.

எதிர்வீட்டு ஹாஜ்ஜா, புதூர் என்று பேர், பருப்புச் சோறு கொண்டுவந்தாள். அவள் ஹஜ் போய்வந்த முஸ்லிம். "உங்க அபூனா கணக்குப்படி நானும் உன் தம்பியும் நரகத்துக்கு ஒரே வண்டிதான்டி. கவலைப்படாத, நான் பாத்துக்கிறேன்," என்றாள். வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவனே அவளிடம் சொல்லிச் சிரிக்கிற பேச்சுதான் அது.

சாயங்காலம் அபூனா தூபக்கலசத்தோடு வந்தார். செத்தவரின் ஆவி மூன்று நாள் வீட்டிலேயே இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. குரு வந்து செபம் சொல்லி, அறை அறையாகத் தண்ணீர் தெளித்து, அதை வழியனுப்பி வைப்பார்.

"கோயில்ல முடியல. உனக்காக இதையாவது செய்றேன்மா," என்றார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லக்கூடாது.

கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்தேன். செபம் சொன்னார். வஸ்ஃபியின் கட்டில் பக்கம் புகை போனது. தலையணையில் அவன் தலை அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. அபூனா தண்ணீரில் விரலை நனைத்தார்.

"இருங்க அபூனா. எங்க அனுப்புறீங்க?"

"யாரம்மா?"

"அவனைத்தான். மோட்சத்துக்கா?"

"அது ஆண்டவர் கையில இருக்கு எஸ்தீர். நான் எப்படிச் சொல்ல?"

"கோயில் வாசல்ல அவனை நிறுத்தினப்ப மட்டும் தெரிஞ்சுதா?"

"சும்மா இருடி," என்று ஹாஜ்ஜா என் தோளைத் தொட்டாள். நான் கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"போக இடமில்லாதவனை எதுக்கு வீட்டை விட்டுத் துரத்துறீங்க? இங்கேயே இருந்துட்டுப் போறான்."