நாற்பது தோள்கள்

இரும்புக் கதவு இரண்டு மரத்தாங்கிகளின் மேல் மல்லாந்து கிடந்தது. ரே ஹார்ஸ்ஃபால் கையில் சம்மட்டியோடு அதை மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தான். மதியச் சாப்பாட்டு நேரம். பட்டறையில் மற்றவர்கள் சாண்ட்விச்சும் தேநீருமாக ஹீட்டர் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். முப்பத்தெட்டு வருடமாக இரும்பை வளைத்துச் சாப்பிடுகிறவனுக்கு இந்தக் கதவை எங்கே அடிப்பது என்று தெரியவில்லை.

ஆல்டன்பி டவுன் கால்பந்து மைதானத்தின் கிழக்குப் பார்வையாளர் மாடத்துக்கும் புல்தரைக்கும் நடுவே முன்பு ஆளுயரக் கம்பிவேலி இருந்தது. இது அந்த வேலியின் கதவு. இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஓர் ஏப்ரல் சனிக்கிழமையில் நாற்பது பேர் தோள் கொடுத்து இதை உடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள், ஆட்டம் நின்றது, விற்றுப்போக இருந்த கிளப் பிழைத்தது. ஊரில் எந்த பப்பில் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். முதல் தோள் ரேயுடையது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள், கேட்கிறவன் வெளியூர்க்காரனாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்.

சங்கடம் என்னவென்றால் கதவு நசுங்கக்கூட இல்லை. பச்சைப் பெயின்ட் உரிந்திருந்ததே தவிர சட்டம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. பூட்டின் நாக்கில் ஒரு கீறல் கிடையாது. கீல்களின் இடுக்கில் பழைய எண்ணெய் தார் மாதிரிக் கறுத்து உறைந்திருந்தது.

"என்னடா, அதுக்குக் காவல் நிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே கோலின் ஸ்டாட் உள்ளே வந்தான். ரசிகர் சங்கத்தின் தலைவன். ரொட்டி வேன் ஓட்டுகிறவன், போகிற வழியில் வேனை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

"இதுல ஒரு வளைவும் இல்லப்பா."

"அதனாலதான உங்கிட்ட கொண்டாந்தேன். நாளன்னைக்கு சனிக்கிழமை, இருபத்தஞ்சாவது வருஷ விழா. கிளப்போட புது ஹால் சுவத்துல மாட்டணும். இப்படியே மாட்டினா நேத்து கடையில வாங்கினதுன்னு சிரிப்பானுங்க."

"உடையலன்னா உடையலன்னே மாட்டிட்டுப் போக வேண்டியதுதான?"

"உடைஞ்சுதுடா! நான் உன் முதுகுக்குப் பின்னாடிதான நின்னேன். மூணாவது தள்ளுல படார்னு ஒரு சத்தம். இன்னும் என் காதுலயே இருக்கு."

ரே அவன் முகத்தைப் பார்த்தான். கோலின் பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அந்தச் சத்தம் அவனுக்கு நிஜமாகவே கேட்க ஆரம்பித்துவிட்டது. ரேக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"அப்ப இந்தப் பூட்டு?"

"எவனாவது அப்புறமா சரி பண்ணியிருப்பான். ரொம்ப நோண்டாத, வளை. சனிக்கிழமை மைக் உன் கையிலதான். ரெண்டு வார்த்தை பேசு. அழுது கிழுது வச்சிராத." கோலின் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன், அந்த ஏப்ரல் சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ரே வில்ஃப் டேட்டர்சாலின் வீட்டுக்குப் போயிருந்தான். மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்வது வில்ஃபின் வேலை. மாடத்துக்குப் பின்னால் கிளப் கொடுத்த இரண்டு அறை வீட்டில் மனைவியோடு இருந்தார். கடைகள் கட்டுவதற்கு மைதானத்தை விற்கப் பேசி முடித்திருந்த கிளப் முதலாளி பத்து வாரமாக யாருக்கும் சம்பளம் தரவில்லை. இருந்தும் வில்ஃப் தினமும் ஏழு மணிக்குப் புல்தரையில் இறங்கிவிடுவார். அன்றைக்கும் கோடு போடுகிற வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இடைவேளைக்கு அப்புறம் அந்தக் கதவு பூட்டாம இருந்தா போதும். நடுவுல போய் உக்காருவோம், அவ்வளவுதான். டிவிக்காரன் வர்றான். நாடே பாக்கும்," என்றான் ரே.

வில்ஃப் ரொம்ப நேரம் சக்கரத்தைத் துடைத்தார். "என் பேரு வெளிய வந்துதுன்னா வேலையோட வீடும் போயிரும் ரே."

"வராது. நான் பொறுப்பு."

"அது கிடக்கட்டும். புல்லை எவனும் தொடக் கூடாது. உக்காருங்க, படுங்க, என்ன வேணா பண்ணுங்க. தோண்டக் கூடாது. இந்த வருஷம்தான் கோல் பக்கம் ஒழுங்கா பிடிச்சிருக்கு."

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

சனிக்கிழமை இரண்டாம் பாதியில், பதினாறாவது நிமிடத்தில், ரே கதவில் உள்ளங்கையை வைத்தான். தோள் எல்லாம் தேவைப்படவில்லை. அது சத்தமே இல்லாமல் திறந்துகொண்ட வேகத்தில் அவன் குப்புற விழப் பார்த்தான். பின்னால் நாலாயிரம் பேர் வந்தார்கள். முதல் பத்து நிமிடம் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது, நடுவட்டத்தில் உட்கார்ந்து பாடினார்கள். அப்புறம் யாரோ கோல் கம்பத்தில் தொங்கினார்கள், அது முறிந்தது. அந்த ஓசைக்குக் கூட்டத்துக்கு வெறி பிடித்தது. பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பேனாக்கத்தியால் சதுரமாக அறுத்து, முதல் புல்துண்டைப் பெயர்த்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது ரேதான். அவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தோண்டினார்கள். வீரர்கள் வெளியே வருகிற வழியின் வாயில் வில்ஃப் சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். ரேயின் கை தூக்கின நிலையிலேயே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நகரசபை பயந்துபோய்க் கடைகளுக்கு அனுமதி மறுத்தது, ஏழே மாதத்தில் ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக் கிளப்பை வாங்கினார்கள். அதற்குள் வில்ஃபின் கணக்கு முடிந்திருந்தது. பூட்டு முழுசாக இருப்பதைத் திங்கட்கிழமை காலையிலேயே முதலாளி பார்த்துவிட்டான். கதவைப் பூட்டாமல் விட்ட அலட்சியம் என்று எழுதிக் கொடுத்து வேலையிலிருந்து நீக்கி, பதினைந்து நாளில் வீட்டையும் காலி செய்ய வைத்தான்.

புதுக் கமிட்டியின் முதல் கூட்டத்துக்கு வில்ஃப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வேலையைத் திருப்பிக் கேட்டார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் வெளியே காத்திருக்கும்போது கமிட்டி பேசியது. அலட்சியம் என்று எழுதப்பட்ட ஆளிடம் சாவி இருந்தால் காப்பீடு கிடைக்காதாம். மேசையைச் சுற்றி ஒன்பது பேர். நான்தான் திறக்கச் சொன்னேன் என்று ரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் திட்டமிட்டுச் செய்தவர்கள் யார் என்று போலீஸ் அப்போதும் விசாரித்துக்கொண்டிருந்தது. இந்தப் பட்டறைக்கு மாறி வந்து அவன் வேலை நிரந்தரமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை, மனைவி பாலினுக்கு அது ஏழாவது மாதம். வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றான் கோலின். ரேயும் தூக்கினான். புல்துண்டைத் தூக்கிய அதே கை.

கதவை உடைத்தோம் என்ற கதை அதற்குப் பிறகு, வழக்கெல்லாம் ஓய்ந்த பிறகு, பப்புகளில் வளர்ந்தது. உடைத்தது நாற்பது தோள் என்றால் பூட்ட மறந்ததாக வில்ஃபை ஏன் அனுப்பினீர்கள் என்று இத்தனை வருடத்தில் ஒரு ஆளும் கேட்கவில்லை.

ரே கேஸ் சுடரைப் பற்றவைத்துப் பூட்டின் நாக்கில் காட்டினான். செவசெவவென்று பழுத்ததும் நாலு அடியில் அது மடங்கிக்கொண்டது. மேல்கீலை நெம்பி இழுத்தான், சட்டத்தின் நடுவில் மரக்கட்டை வைத்துத் தோள் அகலத்துக்குக் குழி விழுகிற மாதிரி அடித்தான். புதுச் சம்மட்டித் தழும்புகள் தெரியாமலிருக்க உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தான். நாளைக்குத் துரு ஏறிவிடும். வேலை சுத்தமாக வந்திருந்தது. அது அவனுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் ஒரு காகிதத்தில் எழுதினான்: கதவைத் திறந்து வைத்தவர் வில்ஃப் டேட்டர்சால். கேட்டவன் நான். பாலின் எட்டிப் படித்தாள்.

"நெசமாவே இதைப் படிக்கப் போறியா?"

"படிக்கத்தான் எழுதறேன்."

"பத்தாவது வருஷ விழாவுக்கும் எழுதின. இருபதாவதுக்கும் எழுதின." அவள் கோபமாகச் சொல்லவில்லை. "அந்த மனுஷன் உங்க மாடத்தையே கூட்டிட்டு இருக்கார். நீ அவர் கண்ணுல படக் கூடாதுன்னு ஆட்டம் முடியறதுக்குள்ள ஓடி வர்ற. பஸ்ஸைப் பிடிக்கறன்னு உன் கூட்டாளிங்க நினைச்சுக்கறாங்க."

உண்மைதான். இரண்டு வருடமாக வில்ஃப் ஒரு துப்புரவு ஏஜென்சியின் ஆரஞ்சு மேற்சட்டையோடு, ஆட்டம் முடிந்ததும் இருக்கைகளுக்கு அடியில் குப்பை பொறுக்குகிறார். எழுபத்தொரு வயது. கிளப் அந்த ஏஜென்சியோடு ஒப்பந்தம் போட்டபோது ஆள் யார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் புதுப் பையன்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. சுவரில் கதவு மாட்டியிருந்தது, மேலே விளக்கு. குழிக்குள் தோளை வைத்துப் பார்த்த ஒருவன், "அளவெடுத்த மாதிரி இருக்குடா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கோலின் மைக்கைப் பிடித்து, "இந்தா நிக்கறான் பாருங்க, முதல் தோள்!" என்றான். கூரையிலிருந்து கிளப் நிறத்தில் காகிதத் துணுக்குகள் கொட்டின. ரே சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டான்.

அப்போதுதான் பக்கவாசலில் வில்ஃபைப் பார்த்தான். துடைப்பத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, கூட்டம் கலையக் காத்திருந்தார். அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ரேயை அல்ல. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். முன்வரிசையில் அவன் மகள் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மட்டும் இல்லீங்க," என்றான் ரே. "எல்லாரும் சேந்துதான் தள்ளினோம்."

ஹால் இடிந்துவிடுகிற மாதிரிக் கைதட்டினார்கள். என்ன அடக்கம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பாலின் தன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

எல்லோரும் பப்புக்குக் கிளம்பியபோது பின்னால் வருகிறேன் என்று சொல்லி ரே தங்கிவிட்டான். கதவுக்கு அடியில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். வில்ஃப் வந்தார், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூட்டைக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"உன் வேலையா?"

"ஆமா."

"சுத்தமா பண்ணியிருக்க."

இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்திலிருந்து ஒரு பழைய சாவியைப் பிரித்து எடுத்தார். "ரெண்டு இருந்துது. முதலாளி ஒண்ணைத்தான் திருப்பிக் கேட்டான்." சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பினார். அது அரைச் சுற்றுக்கூடப் போகவில்லை. இன்னொரு தரம் முயன்றார், அப்புறம் மெதுவாக உருவிக்கொண்டார்.

"அன்னைக்கு விடியக்காலையிலயே கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டு வச்சேன், சத்தம் போட்டு உங்களைக் காட்டிக் குடுத்துரக் கூடாதுன்னு. நல்லா திறந்துதா?"

"நல்லா திறந்துது." ரே அவர் பக்கம் திரும்பினான். "வில்ஃப், அந்தக் கமிட்டியில நான்..."

"தெரியும். அந்த ரூம் கதவுல கண்ணாடி இருந்துது. எத்தனை கை தூக்கினாங்கன்னு வெளிய இருந்தே எண்ணினேன்." சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்கினார். "அந்தப் புல்லு என்னாச்சு? நீ எடுத்துட்டுப் போனியே."

"கொல்லையில வச்சேன். இருக்கு."

"ரொம்ப ஒட்ட வெட்டாத. ஒரு அங்குலம் விடு."

"டேட்டர்சால்!" என்று வெளியிலிருந்து மேற்பார்வையாளன் குரல் கொடுத்தான். அவனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். "அங்க என்ன பேச்சு? ஆறு மணிக்குள்ள ஹால் முடியணும். லேட்டானா அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, சொல்லிட்டேன்."

"இந்தா ஆச்சு," என்றார் வில்ஃப். துடைப்பத்தை எடுத்து, காகிதத் துணுக்குகளைக் கூட்டிக்கொண்டு பெஞ்சு வரைக்கும் வந்தார்.

"காலைத் தூக்கு ரே."

ரே இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டான். வில்ஃப் குனிந்து அடியில் கூட்டினார். கீழே சிந்தியிருந்தது நிறைய, அவர் முடிக்கிறவரை அவன் அப்படியே காலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான்.