மூன்று பேர் உட்கார்ந்த தோல் சீட்

1

இந்தக் கதை என் பின்புறத்தில் தொடங்கியது. கௌரவமான தொடக்கம் இல்லை என்று தெரியும். அறுபது கிலோமீட்டர் தாண்டினால் என்னால் சைக்கிளில் உட்கார முடியவில்லை. தோல் சீட் மாற்றினால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். கடைக்குப் போனேன்.

"எது வேணா போடறேன் சார். தோல் சீட்டு மட்டும் கேக்காதீங்க," என்றார் மெக்கானிக்.

"ஏன், இப்ப வரதில்லையா?"

"வருது. நான் போடறதில்ல."

என் பிரேக் கம்பியை மாற்றிக்கொண்டே காரணத்தைச் சொன்னார். அவர் சொன்னதும், அவர் சொல்லாமல் நான் சேர்த்ததும் கீழே கலந்து கிடக்கின்றன. எது எது என்று முடிந்த இடத்தில் குறிக்கிறேன்.

2

ஓர் அண்ணன், ஒரு தம்பி. அவர்கள் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் வாக்கியங்கள்:

அண்ணன் விழுந்த அன்று அந்தக் கட்டடத்தின் மூன்று லிப்டுகளும்—

(வேண்டாம். கதை அண்ணனுடையதாகிவிடும்.)

தம்பிக்கென்று சொந்தமாக எதுவும்—

(பொய். வேலை இருந்தது, வாடகை அறை இருந்தது, ஒரு சைக்கிளும் இருந்தது.)

ஒரு தோல் சீட் ஒரு மனிதனின் வடிவத்துக்கு வர ஆயிரம் கிலோமீட்டர் ஆகும்.

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

ஒரு தோல் சீட் ஒரு மனிதனின் வடிவத்துக்கு வர ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். புதிதாக இருக்கும்போது அது பலகை. உள்ளே பஞ்சு கிடையாது. இரும்புச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய ஒரே துண்டுத் தோல். முன்முனையில் ஒரு போல்ட், தோல் தளர்ந்தால் இறுக்க. உட்காரும் எலும்புகள் இரண்டும் அழுத்தி அழுத்தி இரண்டு பள்ளங்கள் விழும். அதுவரை அது உங்களை உட்கார விடாது. அதற்குப் பிறகு வேறு யாரையும் உட்கார விடாது.

அண்ணனின் சீட்டில் அந்தப் பள்ளங்கள் விழ இரண்டு வருடம் ஆயிற்று. அண்ணன் லிப்ட் பழுதுபார்ப்பவர். வாரம் முழுவதும் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில் குனிந்து கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை இருநூறு கிலோமீட்டர் ஓட்டுவார். சைக்கிளைக் கடன் கேட்டால் கொடுப்பார். சீட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுப்பார்.

"அப்ப எங்க உக்கார்றது?" என்று தம்பி ஒருமுறை கேட்டான்.

"நின்னுக்கிட்டே ஓட்டு. தொடைக்கு நல்லது."

தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நாள் முழுவதும் உயர ஸ்டூலில் உட்கார்ந்தே இருப்பவன், சைக்கிளில் உட்கார முடியாமல் தவித்தான். ஜெல் உறை போட்டான். பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை போட்டான். சீட்டை ஏற்றினான், இறக்கினான், முனையைச் சாய்த்தான். பவுடர் கொட்டினான். அறுபதாவது கிலோமீட்டரில் இறங்கி, அண்ணன் ஒரு புள்ளியாக மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். திரும்பி வரும்போது அண்ணன் அவனைச் சேர்த்துக்கொண்டு வருவார்.

4

அண்ணன் ஒரு மோட்டார் அறையில் விழுந்தார். கீழே லிப்ட் கிளம்பாததால் ஆட்கள் மேலே ஏறி வந்து பார்த்தார்கள். பக்கவாதத்தில் உடம்பின் இடது பக்கம் போய்விட்டது. பேச்சு குழறியது. அறிவு அப்படியே இருந்தது.

மூன்றாம் மாதம் டாக்டர் வெளி வராந்தாவில் வைத்து அண்ணியிடமும் தம்பியிடமும் சொன்னார்: "நடந்தாலே பெரிய விஷயம்."

உள்ளே போனபோது அண்ணன் கண்ணை மூடியிருந்தார். திறக்காமலே சொன்னார்: "தம்பி, சைக்கிளுக்கு காத்து அடிச்சு வை. டயர் வெடிச்சுப் போகும்."

"சரிண்ணா."

"சீட்ட தொடாத. அது என்னுது."

"உன்னுதுதான். யாரு இல்லேன்னது?"

எட்டு நாள் கழித்து தம்பி அதே சீட்டை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் தன் சைக்கிளில் மாட்டச் சொன்னான்.

ஏன்? இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். பேராசை என்று எழுதினேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. பாசம் என்று எழுதினேன். பாசம் என்றால் சொன்ன சொல்லைக் கேட்டிருக்க வேண்டும். அவன் அழுதுகொண்டே மாட்டச் சொன்னான் என்பது மெக்கானிக்கின் வாக்கு. அழுகையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.* ஒன்று மட்டும் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். அந்தச் சீட்டில் உட்காருவது, இனி நீ உட்காரப் போவதில்லை என்று அண்ணனிடம் சொல்வது. டாக்டர் வராந்தாவில் சொன்னதை, இவன் சைக்கிளில் ஏறிச் சொன்னான்.

* எடுத்துவிட்டேன் என்பதை மறைக்க மனம் வரவில்லை.

5

முதல் ஞாயிறு, நாற்பது கிலோமீட்டரில் இறங்கிவிட்டான். பழைய சீட்டை விட மோசம். அண்ணன் அகலமான ஆள். அவருடைய பள்ளங்கள் இருந்த இடத்தில் தம்பிக்கு எலும்பு இல்லை. எலும்பு இருந்த இடத்தில் மேடு. இரண்டாம் ஞாயிறு தொடையிடுக்கில் தோல் உரிந்தது. வலித்தபோது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. (இது நான் சேர்த்தது.)

பிறகு செய்யக்கூடாததைச் செய்தான். அடிப்பக்கத்திலிருந்து தோலை நனைத்து, போல்ட்டைத் தளர்த்தி, ஈரத்தோடு ஓட்டினான். ஞாயிறு தவறாமல். தோல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி இவனை நோக்கி வந்தது.

பத்தாவது ஞாயிறு, நூற்றிப்பத்தாவது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாத நேர்ச்சாலை. சீட்டைப் பற்றி நினைத்து ஒரு மணி நேரம் ஆயிற்று என்று திடீரென்று உணர்ந்தான். சைக்கிள்காரர்கள் சுகம் என்று சொல்வது இதைத்தான். உட்கார்ந்திருப்பது மறந்துபோவது.

அந்த ஒரு மணி நேரம் அண்ணனையும் மறந்திருந்தான்.

[இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மெக்கானிக் இதைச் சொல்லவில்லை. அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் கதை தம்பிக்குச் சாதகமாகிவிடுகிறது. இருக்கட்டும்.]

6

ஏழாம் மாதம். வீடு. கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிசியோ பெண் வாரம் மூன்று நாள் வருவாள். ஊசி முனையால் அண்ணனின் இடது பக்கத்தைத் தோளிலிருந்து பாதம் வரை தொட்டுக்கொண்டே வருவாள்.

"இங்க தெரியுதா சார்?"

"இல்ல."

"இங்க?"

"நீ குத்துறியா, சும்மா காட்டுறியா?"

அன்று ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "முதுகு நல்லா நிக்குது. அடுத்த வாரம் உங்க சைக்கிளையே ஸ்டாண்ட்ல நிறுத்தி உக்கார வெச்சுப் பாக்கலாம். சும்மா பெடல் சுத்த."

அண்ணன் முகத்தின் வலது பாதி மட்டும் சிரித்தது. ஏழு மாதத்தில் முதல் தடவை என்று அண்ணி பிறகு சொன்னார். அண்ணி மருந்துக் கடையில் வேலை செய்பவர். எதையும் மிகைப்படுத்திப் பேச மாட்டார்.

"சீட்டு பத்திரமா இருக்காடா?"

"இருக்குண்ணா."

"காஞ்சு போயிருக்கும். எண்ணெய் போட்டு வை. லேசா."

"சரிண்ணா."

"வேற சீட்டு போட்டுக்கலாமே, மெத்துனு," என்றார் அண்ணி.

"அதுல உக்காந்தா எனக்குத் தெரியும், நான் எவ்வளவு பாக்கி இருக்கேன்னு," என்றார் அண்ணன்.

அண்ணி சமையலறைக்குப் போய்விட்டார். தம்பி போக இடமில்லாமல் நின்றான்.

7

சிரிக்க வேண்டிய பகுதி இது. நான் சிரிக்காமல் எழுதுகிறேன்.

"மாஸ்டர், உங்க வெயிட் என்ன?" என்று தம்பி மெக்கானிக்கைக் கேட்டான்.

"ஏன், எனக்குப் பொண்ணு பாத்திருக்கியா?"

"எண்பத்திரெண்டு இருக்குமா?"

"எண்பது."

"எங்கண்ணன் எண்பத்திரெண்டு. இடுப்பும் உங்க அளவுதான் இருக்கும்."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். "என்னடா வேணும் உனக்கு?"

"ஆறு நாள் ஓட்டுங்க மாஸ்டர். நனைச்சுத் தரேன். பழைய பள்ளம் திரும்ப விழுந்துடும்."

"நான் ரிப்பேர் பண்றவன்டா. ஓட்றவன் இல்ல."

"ஒரு நாளைக்கு நாப்பது போதும்."

"உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டா என்ன? நாலு திட்டு திட்டுவாரு. வாங்கிட்டுப் போ."

"திட்டினா வாங்கிக்குவேன். திட்டலன்னா?"

மெக்கானிக் கீழே வைத்த ஸ்பானரை எடுத்தார். ஓட்டினார். நாற்பத்தெட்டு வயதில், பழக்கமில்லாத உடம்போடு, தினமும் காலையில் கடை திறக்கும் முன் ஊரைச் சுற்றிய சாலையில் ஈரச் சீட்டில் வட்டம் அடித்தார். நான்காம் நாள் கடையில் டியூபைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்து வேலை பார்த்தார். மனைவி என்ன என்று கேட்டதற்கு, "ஒருத்தனுக்குப் பதிலா உக்காந்துட்டு வரேன்," என்றாராம்.

ஏழாம் நாள் சீட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அண்ணனின் பள்ளங்கள் வரவில்லை. தம்பியின் பள்ளங்கள் போகவும் இல்லை. நடுத்தோல் ஈரத்துணி போலத் தொங்கியது. போல்ட்டை இறுக்கினார்கள், நிமிர்ந்தது, ஆனால் அலை அலையாக. மேலே எண்ணெய் தடவினார்கள். பார்க்கப் பழசு போலவே இருந்தது.

8

சில முடிவுகள்:

(அ) அண்ணன் உட்கார்ந்ததும் தெரிந்துகொள்கிறார். தம்பியைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. (அழகான முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

(ஆ) அண்ணனுக்குத் தெரியவில்லை. ஏழு மாதத்தில் பதினைந்து கிலோ இளைத்திருக்கிறார். அவருடைய பழைய பள்ளங்களே இருந்திருந்தாலும் அவருக்குப் பொருந்தியிருக்காது.

(இ) தம்பி முந்தைய நாளே போய்ச் சொல்லிவிடுகிறான். அண்ணா, நான்தான்—

(இதை முடிக்க முடியவில்லை. அவன் வாயில் அடுத்த சொல் வரவில்லை.)

9

மெக்கானிக் சொன்னது இது.

வெள்ளிக்கிழமை மதியம். முன்னறையில் ஸ்டாண்டில் சைக்கிள். அண்ணனைத் தூக்கி ஏற்ற இரண்டு பேர்: மெக்கானிக் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்தார், தம்பி இடது பக்கம் தோள் கொடுத்தான். ஸ்டாண்ட் ஆடியதால் அண்ணி முன்னால் நின்று கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். பிசியோ பெண் தரையில் மண்டியிட்டு, பெடலோடு கட்டிய இடது பாதத்தைத் தாங்கினாள். யாரும் கையை எடுக்க முடியாது.

அண்ணன் உட்கார்ந்தார். வலது கால் அழுத்தியது. இடது கால் கூடவே போனது. ஒரு சுற்று. இரண்டு. பதினொன்று வரை அண்ணி வாய்விட்டு எண்ணினார்.

அண்ணன் நிறுத்தினார். சீட்டின் மேல் மெல்ல முன்னும் பின்னும் அசைந்தார். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நான் பின்னால நின்னேன் சார். முதுகுதான் தெரிஞ்சுது."

"நல்லாருக்குடா," என்றார் அண்ணன்.

தம்பி கேட்டான்: "எங்கண்ணா நல்லாருக்கு?"

"எல்லாப் பக்கமும்."

"இடது பக்கம்?"

"அதுவும்தான். அப்படியே இருக்கு. ஒண்ணும் மாறல."

பிசியோ பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். அன்று காலையில்தான் ஊசியால் தொட்டுப் பார்த்திருந்தாள். இடது பக்கம் எங்கே தொட்டாலும் தெரியவில்லை என்றே அண்ணன் சொல்லியிருந்தார். தம்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

அண்ணனின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துக் கைப்பிடியில் வைத்தான். கதவைத் திறந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

10

இங்கே என் பிரேக் வேலை முடிந்தது. இன்னொரு ஆள் பஞ்சரோடு வந்து நின்றார். மெக்கானிக் என் சைக்கிளை ஒரு சுற்றுத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை.

தம்பியைப் படிக்கட்டிலிருந்து எழுப்ப ஐந்து வாக்கியம் எழுதினேன்.

அவன் மெல்ல எழுந்து—

அண்ணி கூப்பிட்ட குரல் கேட்டு அவன்—

திட்டு விழாத முதுகோடு அவன் எவ்வளவு நேரம்—

மற்ற இரண்டும் இவற்றை விட மோசம். எதிலும் அவன் எழுந்திருக்கவில்லை.

உள்ளே அண்ணன் இன்னும் சீட்டின் மேல்தான் இருக்கிறார். கைப்பிடியில் அண்ணி. பாதத்தில் பிசியோ பெண். இடுப்பில் மெக்கானிக். இடது பக்கம் ஆள் இல்லை; உடம்பு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. "தம்பி, எங்கடா போன?" என்கிறார் அண்ணன். குரலில் கோபம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.

அவரை இறக்க இரண்டு பேர் வேண்டும். என்னால் தம்பியை இதுவரைதான் கொண்டுவர முடிந்தது. நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள். சீக்கிரம். மெக்கானிக்கின் பிடி தளரத் தொடங்கிவிட்டது.